கோழி தின்ற செடியும் தொண்ணூற்றேழு டிகிரியும்

போன வாரம் குழாயடிச் சண்டையை எழுதினேன் அல்லவா, அதில் இரண்டு பேருக்கு ஒரே பெயரை வைத்துவிட்டேன் என்று மகள் மஞ்சு போனில் சொல்லிச் சிரித்தாள். நான் ஐந்தாவது வரைக்கும்தான் படித்தவள். எழுத உட்கார்ந்தால் கை ஒரு பக்கம் போகிறது, நினைவு ஒரு பக்கம் போகிறது. வருஷம், தேதி எல்லாம் கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. கோணலாக இருந்தாலும் பொறுத்துக்கொண்டு படியுங்கள்.

இந்த வாரம் ஒரு அவரைச் செடியிலிருந்து ஆரம்பிக்கிறேன்.

ஓசூரை ஒட்டின ஜூஜுவாடியில் நாங்கள் குடியிருந்த லைன் வீட்டின் பின்பக்கம், தண்ணீர்த் தொட்டி ஓரமாக, ஒரு கொட்டாங்கச்சியில் மண் போட்டு மஞ்சு அவரை விதை ஊன்றியிருந்தாள். முளைத்து இரண்டு இலை விட்டிருந்தது. ஒரு செவ்வாய்க்கிழமை காலை, பாத்திரம் துலக்கப் போனவள் பார்க்கிறேன், பக்கத்து வீட்டு ஷகிலாம்மாவின் சிவப்புக் கோழி செடியைத் தின்று முடித்துவிட்டு, கொட்டாங்கச்சி மண்ணையும் சீய்த்துக்கொண்டிருக்கிறது.

நான் கோழியை விரட்டினேன். கொட்டாங்கச்சியை விறகுக்குப் பின்னால் ஒளித்து வைத்தேன். குழந்தை அழுவாளே என்று ஒரு பயம். வேறு விதை ஊன்றி முளைத்த பிறகு சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தேன்.

சனிக்கிழமை மத்தியானம் மஞ்சு வழக்கம்போல ஒரு தாளை நீட்டி, "அம்மா, கையெழுத்துப் போடு" என்றாள். போடப் போனவள் என்னமோ அன்றைக்கு அதில் இருந்ததைப் படித்தேன்.

செவ்வாய், எட்டு சென்டிமீட்டர். புதன், ஒன்பது. வியாழன், பத்து. வெள்ளி, பதினொன்று. சனிக்கிழமை பன்னிரண்டு சென்டிமீட்டர். குறிப்பு: செடி நன்றாக உள்ளது.

கோழி வயிற்றுக்குள்ளே அந்தச் செடி தினமும் வளர்ந்துகொண்டிருந்தது!

மஞ்சு ஏன் வீட்டில் படித்தாள்

இதைச் சொல்லாமல் மேலே போனால் உங்களுக்குப் புரியாது.

மஞ்சுவுக்குப் பத்து வயது முடிந்து பதினொன்று நடக்கும்போது முட்டியெல்லாம் வீங்கிக் காய்ச்சல் வந்தது. பெங்களூரில் காட்டினோம். மூட்டுகளை நக்கி இதயத்தைக் கடிக்கிற காய்ச்சல் என்றார் டாக்டர். இருபத்தோரு நாளைக்கு ஒரு ஊசி. ஓடக் கூடாது, தூரம் நடக்கக் கூடாது. பள்ளிக்கூடம் ஓசூரில். பஸ்ஸில் தொங்கிக்கொண்டு போகிற கூட்டத்தில் அவளை எப்படி அனுப்புவது? இரண்டு வருஷம் வீட்டோடு இருந்தாள். பள்ளியில் பெயரை அடித்துவிட்டார்கள்.

எட்டாவதை வீட்டிலிருந்தே தனித்தேர்வாக எழுதலாம், பாஸ் செய்தால் நேராக ஒன்பதாவதில் சேர்த்துக்கொள்வார்கள் என்று யாரோ சொல்ல, அவளும் எழுதினாள். எல்லாம் தேறியது, அறிவியல் மட்டும் போய்விட்டது.

அப்போதுதான் அவள் அப்பா சொன்னார்: "இன்னொரு தடவ எழுதட்டும். அதுலயும் போச்சுன்னா விட்டுடு சரசு. உடம்பும் முடியாத புள்ள. உக்காந்த எடத்துல தைக்கட்டும், மெஷினு ஒண்ணு வாங்கிக் குடுத்துடலாம்."

அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. பெண் மூச்சு வாங்கி நிற்பதைப் பார்த்த பயம் அது. ஆனால் மஞ்சு அன்றைக்கு முழுவதும் சாப்பிடவில்லை. தையல் என்றால் அவளுக்கு வேப்பங்காய். பச்சைத் தாவணி போட்டு ஓசூர் பெண்கள் பள்ளிக்கு ஒன்பதாவது போக வேண்டும் என்பதுதான் அவள் கனவு.

ஆக, இருந்தது ஒரே ஒரு தடவை. சொல்லித் தர ஆள் இல்லை. அவர் ஷிப்டு. நானோ, 'ஒளிச்சேர்க்கை' என்கிற வார்த்தையை எழுத்துக் கூட்டிப் படிப்பதற்குள் சாம்பார் பொங்கிவிடும்.

பாய்லர் ரூம் தாள்

ஷகிலாம்மா வீட்டுக்காரர் நெடுஞ்சாலை ஓரம் பழைய பேப்பர் கடை வைத்திருந்தார். எட்டாவது அறிவியல் புத்தகம் அட்டை இல்லாமல் அங்கேதான் கிடைத்தது. அதோடு ஒரு கட்டு லாக் ஷீட்டும் வந்தது. ஏதோ கம்பெனியில் ஃபாரத்தை மாற்றிவிட்டதால் எழுதாமலே எடைக்குப் போட்டது.

மஞ்சு அப்பாவுக்கு அதைப் பார்த்ததும் சிரிப்பு. அவர் சிப்காட்டில் ஒரு கம்பெனியில் பாய்லர் பார்ப்பவர். மணிக்கு ஒரு தடவை போய் மீட்டரைப் பார்த்து, பிரஷர் எவ்வளவு, தண்ணீர் மட்டம் எவ்வளவு என்று இதே மாதிரித் தாளில்தான் எழுத வேண்டும். கட்டம் கட்டமாக இருக்கும். கடைசியில் ரிமார்க்ஸ், கையெழுத்து.

"இதுலயே படிக்கட்டும்" என்றார். "மணி போட்டு, என்னா படிச்சே, என்னா பண்ணேன்னு எழுது. ஷிப்டு முடிஞ்சா இன்சார்ஜ் கையெழுத்துப் போடணும்."

"இன்சார்ஜ் யாருப்பா?"

"உங்கம்மாதான். வேற யாரு, நானா? நான் தூங்கற ஆளு."

அப்படி நான் இன்சார்ஜ் ஆனேன். எனக்கு வெட்கம். கல்யாணத்துக்குப் பிறகு ரேஷன் கடை தவிர எங்கேயும் கையெழுத்துப் போட்டதில்லை. கோழிக் காலால் கிறுக்கின மாதிரி 'சரசு' என்று போடுவேன்.

காலை வெயில் ஏறினால்தான் அவளுக்கு முட்டி மடங்கும். ஒன்பது மணிக்கு ஆரம்பிப்பாள். அரை மணி படிப்பு, கால் மணி படுக்கை. படித்ததை எனக்குச் சொல்ல வேண்டும். நான் கீரை ஆய்ந்துகொண்டே, "அப்படின்னா என்னாடி?" என்று கேட்பேன். எனக்கு நிஜமாகவே தெரியாது. அவள் திரும்பச் சொல்வாள். அதுவும் புரியாவிட்டால் மறுபடி, "அப்படின்னா?" சில நாள் கோபம் வந்து, "உனக்கு மண்டையில ஒண்ணுமே ஏறாதாம்மா!" என்பாள். பிறகு புத்தகத்தைப் புரட்டி, "ஐயோ, நான்தான் தப்பாச் சொன்னேன்" என்பாள். புரியாத அம்மாவாக இருப்பதிலும் ஒரு உபயோகம் இருந்தது.

என் காலத்தில் மத்தூர்ப் பக்கம் எங்கள் ஊர்ப் பள்ளியில், வாத்தியார் கரும்பலகையில் ஒரு விதை வரைவார், நாங்களும் பலகையில் வரைவோம். பள்ளிக்கு வெளியே ஊர் முழுக்க விதைப்புதான். ஒருத்தரும் ஒரு விதையைப் பிளந்து பார்த்ததில்லை. வரைந்தோம், அழித்தோம். அவ்வளவுதான் நான் படித்த அறிவியல்.

எங்கே கற்றுக்கொண்டாள்

கோழிக்குத் திரும்பி வருகிறேன்.

நான் விறகுக்குப் பின்னாலிருந்து வெறும் கொட்டாங்கச்சியை எடுத்து வந்து அவள் முன்னால் வைத்தேன். மஞ்சு முகம் செத்துப்போய்விட்டது.

"எப்போ போச்சு?"

"செவ்வாக்கெழம. ஷகிலாம்மா கோழி."

"நீ ஏன் சொல்லல?"

"நீ ஏன்டி பாக்கல?"

மஞ்சு கொட்டாங்கச்சியைக் கவிழ்த்துப் பார்த்தாள். பிறகு அவளே சொன்னாள். குளிரில் பின்பக்கம் இறங்க முட்டி வலித்ததாம். தினம் ஒரு சென்டிமீட்டர் வளர்ந்ததால், அதே கணக்கில் திங்கட்கிழமையே சனிக்கிழமை வரைக்கும் எழுதி வைத்துவிட்டாளாம்.

"அப்பாவும் அப்படித்தானே பண்றாரு" என்றாள்.

அவர் உள்ளே தலை சீவிக்கொண்டிருந்தார், இரண்டாம் ஷிப்டுக்குக் கிளம்ப. சீப்பு நின்றது.

அது உண்மை. அவரே பெருமையாகச் சொல்லிச் சிரிப்பார்: ஷிப்டு ஏறினதும் எட்டு மணி நேரத்துக்கும் ரீடிங்கை நிரப்பிவிட்டால் கவலை இல்லை, பிரஷர் என்ன மாறவா போகிறது என்று. அங்கே பாதிப் பேர் அப்படித்தானாம். குழந்தை காதில் அதுவும் விழுந்திருக்கிறது.

முதலில் சிரித்தார். "என் பொண்ணுடி" என்றார். அப்புறம் செருப்பு மாட்டிக்கொண்டே, எங்களைப் பார்க்காமல், மெதுவாகச் சொன்னார்: "ஒரு தடவ மத்தியானம் பம்பு நின்னு பாய்லர நிறுத்திப்புட்டாங்க. ஒரு மணி நேரம். என் தாள்ல மட்டும் ஃபுல் பிரஷர் ஓடிக்கிட்டிருந்துச்சு. மெமோ குடுத்தாங்க. உங்ககிட்ட சொல்லல."

 அவரைச் சொல்ல எனக்கு ஏது யோக்கியதை? செவ்வாயிலிருந்து நாலு நாள் அந்தப் பொய்க்குக் கீழே 'சரசு' என்று நானும்தானே போட்டிருக்கிறேன், ஒரு எழுத்துப் படிக்காமல்.

ஷகிலாம்மா விஷயம் கேட்டு ஓடி வந்தாள். "யா அல்லா, எங்க கோழி உங்க புள்ள பரீட்சையையே தின்னுடுச்சாக்கா? முட்ட போட்டா கொண்டாந்து தர்றேன், அதுல மார்க்கு இருக்குதான்னு பாரு!"

மஞ்சு அழுகைக்கு நடுவில் சிரித்துவிட்டாள்.

அன்றைக்கு லாக் ஷீட்டில் இரண்டு கட்டத்துக்கு மேலே அவளே பெயர் எழுதினாள். ஒன்று 'பார்த்தது', இன்னொன்று 'படித்தது'. பார்க்காத நாளைக்குக் கட்டம் காலியாக இருக்கும். கையெழுத்துப் போடுமுன் நான் கேட்க வேண்டியது ஒரே கேள்வி: "பாத்தியா, படிச்சியா?"

மூன்று கோடு குறைவு

இந்தக் கேள்வியால் பின்னால் பெரிய வம்பு வந்தது.

பாய்லர் ரூமில் கழித்துப் போட்ட நீளமான தர்மாமீட்டர் ஒன்றை ஸ்டோர்காரரிடம் கேட்டு வாங்கி வந்தார் அவள் அப்பா. உள்ளே பாதரசம், உடைத்தால் விஷம், சமையல் பாத்திரத்தில் விடக் கூடாது என்று நூறு தடவை சொன்னார். பழைய அலுமினியச் சட்டியில் தண்ணீர் வைத்து, நூலில் கட்டித் தொங்கவிட்டாள் மஞ்சு. தளதளவென்று கொதித்தது. பாதரசம் ஏறி ஏறி ஒரு இடத்தில் நின்றது.

அவள் தாளில் 'நூறு' என்று எழுதினாள்.

"பாத்தியா, படிச்சியா?"

"புக்குல நூறுன்னு இருக்குதும்மா."

எனக்கு அறிவியல் தெரியாது, கோடு எண்ணத் தெரியும். குனிந்து எண்ணினேன். "நூறுக்கு மூணு கோடு கம்மியா இருக்குதே கண்ணு."

அவளும் எண்ணினாள். இன்னும் விறகு தள்ளினோம். தண்ணீர் குதித்ததே தவிர பாதரசம் அசையவில்லை. தொண்ணூற்றேழு. மறுநாளும் தொண்ணூற்றேழு. 'பார்த்தது' கட்டத்தில் 97, 'படித்தது' கட்டத்தில் 100.

அவர் தாளைப் பார்த்துவிட்டுக் கத்தினார். "அது ஸ்கிராப்பு தர்மாமீட்டரு, அப்படித்தான் காட்டும். பரீட்சையில போயி தொண்ணூத்தேழுன்னு எழுதி வெச்சா முட்டதான் போடுவான். ஊரு ஒலகமே நூறுங்குது, உங்காத்தா மூணு கோடு கம்மிங்கறா!"

 பரீட்சைக்கு ஒரு மாதம்கூட இல்லை. ஐந்தாவது படித்தவள் புத்தகத்தோடு சண்டை போட்டு, குழந்தையின் ஒரே சந்தர்ப்பத்தையும் கெடுக்கிறேனோ? "நூறுன்னே வெச்சுக்கோடி" என்றேன்.

மஞ்சு தலையை ஆட்டவில்லை. தாளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

குடைக்குள் வைத்த தர்மாமீட்டர்

அந்தச் சமயம் மத்தூரில் என் தம்பி மகளுக்குக் காதுகுத்து. மஞ்சு தர்மாமீட்டரையும் எடுத்துப் போகலாம் என்று பிடிவாதம். பஸ் நெரிசலில் உடையாமல் எப்படிக் கொண்டுபோவது? பழைய புடவைக் கிழிசலில் சுற்றி, மடக்கின குடைக்குள் செருகி, நாடாவால் கட்டினேன்.

ஓசூரில் ஏறி, சூளகிரி தாண்டி பஸ் சரிவில் இறங்க இறங்கக் காது அடைத்தது, ஸ்வெட்டர் கசகசத்தது. கிருஷ்ணகிரியில் அடுத்த பஸ்ஸுக்கு நிற்கும்போது பாருங்கள், மழை பிடித்துக்கொண்டது. கையில் குடை. விரிக்க முடியாது. இரண்டு பேரும் குடையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நனைந்தோம். ஒரு கிழவர் எங்களை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "கொட புதுசாம்மா?" என்றார்.

மத்தூரில் என் தம்பி பெண்டாட்டி குளிக்கத் தண்ணீர் காய்ச்சுகிற பானையை எங்களுக்கு விட்டாள். மஞ்சு நூலைப் பிடித்துக்கொண்டு குந்தியிருந்தாள். பக்கத்து அடுப்பில் சோறு வடித்துக்கொண்டிருந்த சமையல்காரர் எட்டிப் பார்த்தார்.

"என்னா பாப்பா, தண்ணிக்கு ஜொரமா? ஊசி போடணுமா?"

கூட்டமே சிரித்தது. அவள் நிமிரவில்லை. "அம்மா, வந்து எண்ணு" என்றாள்.

தொண்ணூற்றெட்டுக் கோட்டைத் தாண்டி, தொண்ணூற்றொன்பதுக்குப் பாதி வழியில் நின்றிருந்தது.

மஞ்சு என் கையைப் பிடித்தாள்.  "கெட்டுப்போன தர்மாமீட்டருன்னா எங்க போனாலும் மூணு கோடுதானேம்மா கம்மியா காட்டணும்? இங்க ஒண்ணரைதான் கம்மி. அப்ப தர்மாமீட்டரு கெடல. தண்ணிதான் ஊருக்கு ஊரு வேற மாதிரி கொதிக்குது."

வீட்டுக்கு வந்ததும் புத்தகத்தை ஒரு வரி விடாமல் படித்தாள். பாடத்தின் நடுவில் சின்னதாக இருந்தது: 'கடல் மட்டத்தில்'. அத்தனை நாளும் அதைத் தாண்டித் தாண்டிப் போயிருக்கிறோம். ஓசூர் மேட்டில் இருக்கிறது, மத்தூர் இறக்கத்தில். மேலே போகப் போகக் காற்றின் அழுத்தம் குறையும், தண்ணீர் சீக்கிரம் கொதிக்கும் என்று எனக்கு விளக்கினாள். நான் ஐந்து தடவை "அப்படின்னா?" கேட்டேன்.

அவள் அப்பா கடைசி வரை கேட்டுவிட்டு, "பிரஷரு கம்மின்னா சீக்கிரம் கொதிக்கும். இதத்தானே நான் தெனம் பாய்லர்ல பாக்கறேன்!" என்று நெற்றியில் அடித்துக்கொண்டார்.

காலியாக விட்ட கேள்வி

பரீட்சை கிருஷ்ணகிரியில். நான் ஒரு புளியமரத்தடியில் காத்திருந்தேன். வெளியே வந்தவள் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

"கொதிநிலை கேட்டிருந்தாங்கம்மா. நூறுன்னு எழுதி, பக்கத்துல 'கடல் மட்டத்தில்'னு போட்டேன். கீழ, எங்க வீட்டில் 97 பார்த்தேன்னு எழுதினேன்."

"மத்ததெல்லாம்?"

"ஒரு பெரிய கேள்வி தெரியல. காலியா விட்டுட்டேன்."

"காலியாவா?"

"பாக்கவும் இல்ல, படிச்சதும் ஞாபகம் இல்ல. சும்மா எதுக்கு எழுதறது?"

 வீட்டில் அவர் கேட்டுவிட்டு, "ரெண்டு வரி கிறுக்கியிருந்தா அர மார்க்காச்சும் போட்டிருப்பான்" என்றார். திட்டவில்லை, வருத்தமாகத்தான் சொன்னார். மெஷின் விலை விசாரிக்கத் தையல்காரம்மாவிடம் அவர் ஏற்கெனவே சொல்லி வைத்திருந்தது எனக்குத் தெரியும். ரிசல்ட் வருகிற வரைக்கும் அந்தக் காலிக் கேள்வி என் கண்ணெதிரே இருந்தது. கட்டத்தைக் காலியாக விடப் பழக்கின இன்சார்ஜ் நான்தானே.

ரிசல்ட் ஓசூர் ஆபீசில் ஒட்டியிருப்பதாகச் சொன்னார்கள். அவர் சைக்கிளில் போனார். போக முக்கால் மணி, வர முக்கால் மணி. மஞ்சு வாசற்படியில் உட்கார்ந்திருந்தாள். ஷகிலாம்மாவும் கோழியைக் கூடையில் கவிழ்த்துவிட்டு வந்து உட்கார்ந்தாள். "அபசகுனமா குறுக்க வந்துடப் போவுது சனியன்" என்றாள்.

தெருமுனையிலேயே மணி அடித்துக்கொண்டு வந்தார். "பாஸு! மஞ்சு, பாஸு!"

ஷகிலாம்மா கையைத் தட்டினாள். எனக்குக் கண் மறைத்தது. மஞ்சு மட்டும் எழுந்திருக்கவில்லை.

"நீங்க பாத்தீங்களாப்பா?"

"என்னாது?"

"நம்பர நீங்களே பாத்தீங்களா, யாராவது சொன்னாங்களா?"

அவர் முகத்து வேர்வையைத் துடைத்தார். "ஒரே கூட்டம்டி. முன்னால நின்ன பையன் படிச்சுச் சொன்னான்."

"அப்ப நீங்க பாக்கல."

நான் அதட்டப் போனேன். அவர் கை காட்டி என்னை நிறுத்தினார். தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. சைக்கிளைத் திருப்பிக்கொண்டு மறுபடி ஓசூருக்குப் போனார், அந்த வெயிலில்.

ஒன்றரை மணி நேரம் கழித்து வந்தார். இந்தத் தடவை மணி அடிக்கவில்லை, கத்தவில்லை. நேராக உள்ளே போய் லாக் ஷீட் கட்டிலிருந்து புதுத் தாளை உருவி, மணி போட்டு, அவள் நம்பரை எழுதி, 'பார்த்தது' கட்டத்தில் 'பாஸ்' என்று எழுதினார். கீழே முழுப் பெயரும் போட்டுக் கையெழுத்து. பிறகு தாளை என்னிடம் நீட்டினார்.

"இன்சார்ஜ் போடணுமில்ல?"

"பாத்தீங்களா?" என்றேன், அழுதுகொண்டே.

"ரெண்டு தடவ பாத்தேன் தாயி. வெரல் வெச்சுப் பாத்தேன்."

போட்டேன்.

ஒரு வேண்டுகோள்

கிருஷ்ணகிரியில் பரீட்சை நடந்த பள்ளியின் பெயரும், மஞ்சு வாங்கிய மார்க்கும் நினைவில்லை. அதனால் எழுதவில்லை, விட்டுவிட்டேன். மஞ்சு, இதைப் படித்தால் அவற்றை நிரப்பி அனுப்பு. தொண்ணூற்றேழும் தொண்ணூற்றெட்டரையும் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது, ஆனாலும் கிழவியின் நினைவை நம்ப வேண்டாம். ஓசூர்ப் பக்கம் யார் வீட்டிலாவது தர்மாமீட்டர் இருந்தால் ஒரு சட்டித் தண்ணீர் கொதிக்க வைத்து, கோட்டை எண்ணி, பத்திரிகைக்கு எழுதுங்கள். நான் சொன்னதைப் பார்த்து எழுத வேண்டாம், தண்ணீரைப் பார்த்து எழுதுங்கள். தப்பாக இருந்தால் திருத்திக்கொள்கிறேன்.